அப்பாவின் வலது காது

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கொடுத்த டிக்கெட் அது. சென்னை அரங்கில் விண்வெளிப் படம் ஓட, திரைக்குக் கீழே ஒரு பெரிய இசைக்குழு நேரில் வாசித்தது. பக்கத்தில் அப்பா. விண்வெளி வீரர் கலத்தைவிட்டு வெளியே மிதந்ததும் அத்தனை வயலின்களும் சட்டென்று நின்றன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே படம்!

1991இல் பிள்ளைப்பாக்கம் பள்ளிக்கூட மைதானத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி இதைப் போட்டார்கள். மைக்செட் அப்பாவுடையது. கல்யாணப் பாட்டுப் பாடிய கூம்பு ஸ்பீக்கரில் யாரோ ஒரு வெளிநாட்டு இசையமைப்பாளரின் வாத்தியங்கள் அலறின. வீரர் மிதந்ததும் சத்தம் அடியோடு நின்றது.

"இன்னா மாணிக்கம், செட்டு புட்டுகிச்சா?" என்று ஒருவர் கத்த, கூட்டமே விசிலடித்தது.

அப்பாவுக்கு மானமே போயிற்று. ஓடிப்போய் ஒயரை ஆட்டினார். சவுண்டைக் கடைசிவரை திருகிவைத்தார். இரைச்சலாவது வருகிறதா என்று ஸ்பீக்கருக்குள் வலது காதை வைத்தார். இசையமைப்பாளர் வேண்டுமென்றே விட்ட மௌனம் அது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? திரையில் பூமி எழுந்தது. அத்தனை முரசுகளும் ஒன்றாக இடித்தன.

அப்பா மண்ணில் கிடந்தார். கூட்டம் கைதட்டியது.

"சரியாயிடுச்சு பாத்தியாம்மா," என்றார் என்னிடம். அந்தக் காது அதன்பிறகு எதையும் கேட்கவில்லை.

"இன்னாம்மா, சவுண்டு நின்னுபூச்சு?" இப்போது அரங்கில் அப்பா பதறி எழப் போனார்.

திரையின் ஓரத்தில் பூமியின் நீலம் தெரிந்தது. நான் பாய்ந்து அவருடைய இடது காதைப் பொத்தினேன்.