வியாழக்கிழமைப் புடவைப் பெட்டி

1. கேட்டில் மாட்டிய பை

ஷிப்ட் முடிந்து சங்கு ஊதிய கையோடு வாட்ச்மேன் ஆள் அனுப்பி என்னைக் கேட்டுக்குக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், நூம்பலிலிருந்து வேலைக்கு வரும் மல்லிகா சுவரோடு ஒட்டி நின்று அழுதுகொண்டிருக்கிறாள். அவளுடைய பையை மேஜைமேல் கவிழ்த்திருந்தார்கள். டிபன் டப்பா, சீப்பு, ஒரு பச்சைப் புடவை. மடித்த புடவையைச் சுற்றிப் பளபளவென்று எனாமல் பூசிய செம்புக் கம்பி.

"நீயே பாரும்மா. பொடவை மேல முழம் முழமா கம்பி சுத்திகினு போவுது இந்தப் பொண்ணு. நான் இன்னா பண்றது? மேனேஜருக்குச் சொல்லிட்டேன்" என்றார் வாட்ச்மேன்.

"சத்தியமா எனுக்குத் தெரியாதுக்கா. பெட்டில எப்டி இருந்துச்சோ அப்டியே எடுத்து பையில வச்சிகினேன்" என்றாள் மல்லிகா.

புடவை மாற்றிக்கொள்ள அந்தப் பெட்டியை வைத்தவளே நான்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பியைக் காயிலாகச் சுற்றித் தருகிற கம்பெனி எங்களுடையது. வைண்டிங் செக்‌ஷன் முழுக்கப் பெண்கள், நான் சூப்பர்வைசர். எண்பதுகளின் கடைசி. செம்புக் கம்பிக்கு வெளியே நல்ல விலை. அந்தச் சமயம் பார்த்து ஸ்டோர்ஸில் கம்பி சுற்றிய பாபின்கள் வேறு காணாமல் போயிருந்தன. துண்டுக் கம்பி வெளியே போனாலும் திருட்டுதான் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மல்லிகா டெம்பரரி. அடுத்த மாதம் அவளைப் பர்மனென்ட் ஆக்குவதாக இருந்தது. அவள் சம்பளத்தை நம்பித்தான் அந்த வீட்டில் உலை வைத்தார்கள்.

மேனேஜர் என்னிடம் அதிகம் பேசவில்லை. "சுகுணாம்மா, நாளைக்கு சாயந்திரம் வரைக்கும் டைம். கம்பி யார் கட்டினாங்கன்னு தெரியணும். இல்லேன்னா பையில வச்சிருந்தவளை நிறுத்திடுவேன்" என்றார்.

2. பெட்டி வந்த கதை

இதற்கெல்லாம் ஆரம்பம் அதற்கு முந்தைய ஆயுத பூஜை. எஸ்டேட்டில் தீபாவளியைவிட ஆயுத பூஜைதான் பெரிது. மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, மாலை போட்டு, பொரி கொடுப்பார்கள். அன்றைக்கு மட்டும் புடவையை மூடும் நீல ஓவர்கோட் கிடையாது. என்ன புடவை கட்டியிருக்கிறோம் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அதனாலேயே நல்ல புடவை இல்லாத மூன்று பேர் காய்ச்சல், வயிற்றுவலி என்று சொல்லி வராமல் இருந்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. வருஷம் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டுகிறவள், மெஷினுக்குப் பூஜை நடக்கிற அன்றைக்கு ஒளிந்துகொள்ள வேண்டுமா?

சும்மா இருக்கத் தெரியாதவள் நான். பேக்கிங் ரூமில் கிடந்த ஒரு மரப்பெட்டியைத் துடைத்து, மூடி போட்டு வைத்தேன். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை யாரும் வீட்டுத் துணியை வெளியே கொடுக்க மாட்டார்கள் என்பதால் வியாழன். பழந்துணியைத் தண்ணீர் காட்டாமல் கொடுக்கக் கூடாது என்பார்கள், அதனால் துவைத்துத்தான் கொண்டுவர வேண்டும். வேலைக்குக் கட்டி வந்த புடவை அடையாளம் தெரிந்துவிடும், அதைப் போடக் கூடாது, வீட்டோடு இருந்ததைத்தான் போட வேண்டும். காலையில் ஒன்றைப் போட்டவள் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, போட்டது யார் என்று பார்க்கக் கூடாது, எடுத்தது யாருடையது என்று கேட்கக் கூடாது.

அந்தக் கடைசி விதி இருந்ததால்தான் பெட்டி நிரம்பியது. ஊரான் துணியைக் கட்டுகிறாள் என்ற பேச்சுக்கு எல்லாருக்கும் பயம்.

வெளிப்படையாக முகம் சுளித்தவள் ராஜேஸ்வரி அக்கா ஒருத்திதான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. புருஷனுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பது குவார்ட்டர்ஸில். "சர்க்கார் உத்தியோகஸ்தன் பெஞ்சாதி, அடுத்தவ அவுத்துப் போட்டதையா உடுத்துவா?" என்று கேன்டீனில் எல்லார் காதிலும் விழச் சொன்னாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயே என்று எனக்கும் ஒரு குட்டு வைத்தாள்.

3. வெள்ளிக்கிழமை

மறுநாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு பெஞ்சாகப் போனேன். "அந்தப் பச்சைப் புடவை யாருதுன்னு சொல்லிடுங்கடி. ஒரு பொண்ணு வேலை போகுது" என்று கெஞ்சினேன், அப்புறம் திட்டினேன். ஆளாளுக்கு மெஷினை வேகமாக ஓட்டினார்கள்.

கம்பியை வைத்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. காயில் முடிந்ததும் வெட்டுகிற மிச்சக் கம்பி ஸ்கிராப் டப்பாவுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். ஆனால் எங்கள் செக்‌ஷனில் கயிறு என்று ஒன்றை யாரும் தேடியதே இல்லை. செருப்பு வார் அறுந்தால் கம்பி, கொண்டையில் பூ நிற்கவில்லையென்றால் கம்பி, பொட்டலத்தின் வாய் பிரிந்தால் கம்பி. யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போய் எடுக்கும், தானாக முறுக்கும். புடவையைக் கட்டியவளுக்கே கட்டியது ஞாபகம் இருந்திருக்காது. நாற்பது பேரில் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், நானாகவும்தான்.

மல்லிகா பேக்கிங் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மெஷினைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். டீ கொடுத்தால் வேண்டாம் என்றாள். "ஊட்ல இன்னா சொல்றதுக்கா? திருடின்னு தொரத்திட்டாங்கன்னா?" என்று கேட்டாள். திரும்பவும் லைனுக்குள் போனேன். போன இடத்துக்கே போனேன், கேட்டவளையே கேட்டேன்.

டீ டைமுக்கு அப்புறம் ஆபீஸில் டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. அது மல்லிகாவுக்கான காகிதம் என்று எனக்குத் தெரியும். நான் உள்ளே போய், "சார், பெட்டி வச்சது நான். என்னை நிறுத்துங்க" என்றேன்.

"உங்களை நிறுத்தினா கம்பி கட்டினவ வந்துடுவாளா?" என்றார் மேனேஜர்.

கதவருகில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ராஜேஸ்வரி அக்கா. கையில் அவளுடைய தூக்குவாளி.

4. "எனக்குள்ளது"

"சார், அந்தச் சேலை எனக்குள்ளது. கம்பி கட்டினதும் நான்தான். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

மேனேஜர் நம்பவில்லை. "நீ பர்மனென்ட் கை. குவார்ட்டர்ஸ்ல இருக்கறவ. நீ எதுக்கும்மா பழசைப் பெட்டியில போடப் போறே? அந்தப் பொண்ணுக்காகப் பொய் சொல்லாதே."

அவள் தூக்குவாளியை மேஜைமேல் வைத்தாள். மூடியைப் பிடியோடு சேர்த்து அதே எனாமல் கம்பியால் கட்டியிருந்தாள். "கைப்பழக்கம் சார். எல்லாத்தையும் இப்படித்தான் கட்டுதேன்." பிறகு குரலை இறக்கினாள். "எங்க வீட்டுக்காரவுக சம்பளம் வீட்டுக்கு வந்து சேராது சார். பல வருஷமா இப்படித்தான். மாசா மாசம் நானும் பெட்டியில போட்டு எடுத்துக்கிடுதேன். காலையில எல்லாருக்கும் முந்தி வந்துருவேன்."

அவளுடைய கேலியை நிஜமென்று நம்பி, எத்தனை நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்!

மேனேஜர் காகிதத்தை டைப்ரைட்டரிலிருந்து உருவிக் கிழித்தார். கம்பியை எடுத்ததற்காக ராஜேஸ்வரி அக்காவுக்கு ஒரு மெமோ. கையெழுத்துப் போட்டாள். ஆபீஸ் ரூமில் பேசியது சங்கு ஊதுவதற்குள் கேன்டீன் வரைக்கும் போய்விட்டது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் பஸ் ஏறினாள். திங்கட்கிழமை வருவாளா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

வந்தாள். அன்றைக்கு மல்லிகா அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தாள். ஓவர்கோட்டைப் போடாமல் கையில் மடித்து வைத்துக்கொண்டு, நேரே ராஜேஸ்வரி அக்காவின் மெஷின் முன்னால் போய் நின்றாள். செக்‌ஷனே கையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அக்கா அவளை மேலும் கீழும் பார்த்து, கொசுவத்தை இழுத்துச் சரி செய்தாள்.

"ஏட்டி, என் சேலை உனக்கு எடுப்பா இருக்கு" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

சங்கடப்படுகிறவளுக்கு ஒளிய இடம் செய்து கொடுத்தால் போதும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். ஆட்களை வைத்து வேலை வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். ஒளிய இடம் தேவையில்லாதபடி செய்யப் பாருங்கள். "என் சேலை" என்ற அந்த ஒரு வார்த்தையை ஒருத்திக்கொருத்தி சொல்லத் துணிவில்லாமல்தான், நாங்கள் அத்தனை மாதமும் பெட்டிக்கு மூடி போட்டு வைத்திருந்தோம்.