மைக்ரோவேவில் கச்சான் அல்வா

வெள்ளவத்தையில் நான் அறை எடுத்திருந்த வீட்டில் மைக்ரோவேவ் குசினியில் இருக்கவில்லை. முன் ஹோலில், ரீவிக்குப் பக்கத்தில், பின்னல் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. லண்டனிலிருந்து மகன் அனுப்பியது. வீட்டுக்கார அன்ரி அதில் பால் சுடவைப்பார், அதுவும் யாராவது வந்திருந்தால்தான். பெட்டிக்குள் வெளிச்சம் வந்து கோப்பை சுற்றுவதை வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்ரி அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற நேரமெல்லாம் காஸ் அடுப்புத்தான்.

அறைக்காரருக்குச் சமைக்க அனுமதியில்லை. மண்ணெண்ணெய் அடுப்பு, ஹீற்றர் ஒன்றும் கூடாது. குசினி வாசற்படியை மிதிக்கவும் கூடாது. அன்ரி மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தொடாதவர்; எங்கள் கையில் என்ன மணம் இருக்கும் என்று அவருக்கு எப்போதும் சந்தேகம். நாங்கள் காலி வீதியில் பார்சல் எடுத்து, அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவோம். இத்தனை சட்டம் போட்டவர் ஓர் ஓட்டையைக் கவனிக்கவில்லை. ஹோலுக்கு நாங்கள் வரலாம்.

நான் அப்போது பக்கத்து ஒழுங்கையில் இருந்த ஒரு ரியூட்டரியில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சண்டைக் காலம். வீட்டுக்கு ஒரு ஆள் புதிதாக வந்தால் பொலிசில் பதிய வேண்டும். அப்படி ஒரு நாள் என்னுடைய அறையில் பதியப்பட்டவர் என் சின்னம்மா. அவருடைய ஒரே மகன், எனக்குத் தம்பி, வெளிநாடு போகவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். சந்தேகத்தின் பேரில் மறியலில் அடைத்தார்கள். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. பொறுத்திருங்கள் என்று சட்டத்தரணி சொன்னார். பொறுத்திருப்பதைத் தவிர வேறு என்ன செய்யலாம் என்று சின்னம்மா அவரிடம் கேட்டார். பார்வையிடும் நாளில் போய்ப் பார்க்கலாம் என்றார்.

முதல் தரம் போனபோது சின்னம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பயற்றம் பணியாரத்தை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு பஸ் மாறி, இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து ஏறி, மறியற்சாலை வாசலில் வெயிலில் நின்று உள்ளே போனோம். மேசையில் இருந்த காவலர் பணியாரத்தை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் பிட்டுப் பார்த்தார். உருண்டையாக இருக்கிற எதற்குள்ளும் ஏதாவது இருக்கலாம். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் பிட்டுத்தான் பார்த்திருப்பேன். பார்த்து முடிந்தபோது பணியாரம் இல்லை, பையில் பயற்றம் மா இருந்தது. அதைத்தான் கம்பி வலைக்கு அங்கால் நின்ற தம்பியிடம் கொடுத்தார்கள்.

திரும்பி வரும் வழியில், பாமன்கடைச் சந்தி தாண்டிய பிறகு சின்னம்மா சொன்னார்.

"நான் செய்து குடுக்கிறது ஒருக்காவெண்டாலும் உடையாமல் அவன்ர கைக்குப் போக வேணும், பிள்ளை. எனக்கு வேறொண்டும் வேண்டாம்."

வேறொன்றும் வேண்டாம் என்பது பொய். அவருக்கு வேண்டியது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது அவருடைய கையில் இல்லை. இது ஒன்றுதான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது என்பதால் இதைப் பிடித்துக்கொண்டார். பிடித்தால் உடும்புப் பிடிதான் அவருக்கு.

அன்ரிக்குப் பிள்ளை வெளிநாட்டில், சின்னம்மாவுக்குப் பிள்ளை மறியலில். இரண்டு பேரும் பின்னேரத்தில் ஹோலில் இருந்து கதைப்பார்கள். உடைக்கத் தேவையில்லாத பலகாரம் எது என்பதுதான் அந்தக் கிழமை முழுக்கக் கதை. வடையைப் பிய்ப்பான், கேக்கைக் கத்தியால் குத்துவான், முறுக்கு அங்கே போகமுன்பே பஸ்ஸில் நொறுங்கும். கடைசியில் அன்ரி இந்தியப் பெண்கள் சஞ்சிகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். 'மைக்ரோவேவில் கடலை மிட்டாய்' என்று அரைப் பக்கத்துக்குச் செய்முறை போட்டிருந்தது. கடலை ஒரு கப், சர்க்கரை ஒரு கப், நெய் ஒரு கரண்டி. கண்ணாடி மாதிரி மெல்லிய தகடாக வரும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தது. அந்த வரியை அன்ரி இரண்டு தரம் வாசித்தார். தகடாக இருந்தால் உள்ளே என்னத்தை ஒளிக்க முடியும்? கண்ணாடியாக இருந்தால் உடைத்துப் பார்க்க என்ன தேவை? சின்னம்மாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். பின்னல் துணியைத் தானாகவே எடுத்து மடித்த அன்ரியின் முகத்திலும் ஒரு வெளிச்சம். பால் சுடவைப்பதற்கு மேலான ஒரு வேலை அவருடைய மைக்ரோவேவுக்கு இதுவரை வந்ததில்லை.

நான்தான் சாமான் வாங்கப் போனேன். கடலை என்று எழுதியிருந்தது, கடலை வாங்கினேன். காலி வீதியில் பின்னேரம் தள்ளுவண்டியில் வறுத்து விற்பார்களே, சுண்டல் செய்கிற அதே கடலை. சர்க்கரை என்று எழுதியிருந்தது, நல்ல கறுத்த சர்க்கரைக் கட்டியாகப் பார்த்து வாங்கினேன். பொங்கலுக்குப் போடுகிற சர்க்கரை.

அன்ரி சர்க்கரையைக் கண்ணாடிப் பாத்திரத்தில் உருக்கி, கடலையைக் கொட்டி, மறுபடி உள்ளே வைத்துக் கதவை மூடினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே படார் என்று ஒரு வெடி. பிறகு தொடர்ந்து வெடித்தது. அந்தக் காலத்தில் கொழும்பில் அப்படி ஒரு சத்தத்தை யாரும் கடலை என்று நினைக்கமாட்டார்கள். மேல் அறைக்காரர் படியில் பாதியில் நின்று எட்டிப் பார்த்தார். கடலை வெடிக்கிறது என்று அன்ரி விளக்கம் சொல்லவேண்டி வந்தது. ஆறிய பிறகு தட்டத்தைக் கவிழ்த்தால், தார் றோட்டைப் பெயர்த்து வைத்த மாதிரி ஒரு கறுத்த துண்டு. கண்ணாடியும் இல்லை, தகடும் இல்லை. அன்ரி கரண்ட் காணாது என்றார். லண்டன் பெட்டிக்கு எங்கள் கரண்ட் ஒத்துவராதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எனக்கு வாய்வரை வந்தது. குடியிருக்கிற வீடு என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் பார்வையிடும் நாள். வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோனோம். காவலர் அதைக் கையில் வைத்துப் பாரம் பார்த்தார், விரலால் தட்டினார், மேசை விளிம்பில் அடித்தார். மேசைதான் அதிர்ந்தது. இதைத் தின்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். என்னுடைய சிங்களத்தில் நான் ஓம் என்றேன். அவர் நம்பவில்லை. அதை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு எங்களை உள்ளே போகச் சொன்னார். அன்று தம்பிக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. சின்னம்மா வெறுங்கையோடு வலைக்கு முன்னால் நின்றார். பணியார மாவாவது போனதே என்று அவர் நினைத்திருப்பார்.

எங்கள் வீட்டில் பக்கத்து அறையில் ஒரு பெண் இருந்தாள். பத்து வருடம் மெட்ராசில் அகதியாக இருந்துவிட்டுக் வெளிநாட்டிலிருந்த கணவனின் அழைப்புக்காக வந்து காத்திருந்தவள். வீட்டில் எஞ்சிக் கிடந்த துண்டையும் சஞ்சிகையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கதிரையில் இருந்து சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்தவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, அங்க கடலை எண்டா நிலக்கடலை, எங்கட கச்சான். சர்க்கரை எண்டா சீனி."

தமிழால் வாழ்கிற இனம் என்று மேடையில் முழங்குகிறார்கள். கடலுக்கு அங்கால் போனால் கச்சானுக்குக் கூட அது உதவவில்லை. அவர்களுடைய கடலை மிட்டாய் எங்களுடைய கச்சான் அல்வா; அது எங்களுக்குத் தெரியாத சாமானா? கோயில் திருவிழாவுக்குப் போய் அதை வாங்காமல் வந்தவர் எங்கள் ஊரில் உண்டா? சின்னம்மா தலையில் கைவைத்தார். கச்சான் அல்வா என்றால் மகனுக்கு உயிர் என்று அப்போதுதான் சொன்னார். அன்ரி மட்டும் சஞ்சிகையை விட்டுக்கொடுக்கவில்லை. கடலை என்று போட்டால் கடலையைத்தானே போடுவார்கள், இவர்கள் விளங்கும்படி எழுதியிருக்க வேண்டாமா என்றார். ஆனாலும் கரண்ட் கதையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இரண்டாம் முறை சின்னம்மா அன்ரியைக் கிட்டவிடவில்லை. கச்சானை வறுத்துத் தோல் தேய்த்து, வாசலில் நின்று உமியை ஊதினார். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்தார். சீனியில் கொஞ்சம் தண்ணீரும் தேசிக்காய்ப் புளியும் விட்டு உள்ளே வைத்துவிட்டு, கதவுக்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்தார். சீனி வெகுநேரம் சும்மா வெள்ளையாகக் கொதிக்கும். ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பொன்னிறம் வந்தால் மாத்திரம் ஒரு கணம் பொறுக்காது, கரிந்துவிடும். முதல் பாத்திரம் அப்படிக் கரிந்தது. வீடெங்கும் புகை மணம், அன்ரியின் திரைச்சீலையில் ஒரு கிழமை நின்றது. அடுத்த பாத்திரத்தைச் சரியான நேரத்தில் வெளியே எடுத்தார். நெய் பூசிய தட்டத்தில் ஊற்றி, நெய் பூசிய ரம்ளர் அடியால் தட்டித் தட்டி மெலிதாக்கினார்.

கச்சானை மிகவும் குறைவாகப் போட்டார். இன்னும் ஒரு கை போடுங்கள், பார்க்கக் கஞ்சத்தனமாக இருக்கிறது என்றார் அன்ரி. வெளிச்சம் போக இடம் விடவேணும் என்றார் சின்னம்மா. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் அதை மகனின் நாக்குக்குச் செய்யவில்லை, காவலரின் கண்ணுக்குச் செய்கிறார் என்று. ஆறிய பிறகு தூக்கிப் பிடித்தார். தட்டம் அளவுக்கு ஒரு முழு வட்டம். அதற்கு அங்கால் நின்ற அன்ரியின் முகம் மஞ்சளாகத் தெரிந்தது. அன்ரி சிரித்தார்.

எண்ணெய்க் கடுதாசியில் சுற்றி, இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து, சின்னம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தார். பஸ் குலுங்கும்போது மடியிலிருந்து அதைத் தூக்கிப் பிடிப்பார். சாவடியில் இறங்கி நடக்கும்போது நான் வாங்கி வைத்திருக்கிறேன் என்று கேட்டேன். தரவில்லை. என்னை நம்பாததில் எனக்குக் கொஞ்சம் கோபம்.

மேசையில் அதே காவலர். கடுதாசியை விரித்தார். கையில் எடுத்தார். பக்கத்தில் இருந்த யன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அதற்கூடாக எங்களையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். லஸ்ஸனய் என்றார். வடிவாக இருக்கிறதாம். கடுதாசியைப் பழைய மடிப்பிலேயே மடித்து, உள்ளே நின்ற மற்றவரிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். சின்னம்மா என்னுடைய முழங்கையைப் பிடித்து இறுக்கினார். எனக்கும் சந்தோசம் தாங்க முடியவில்லை. ஒரு தட்டம் சீனிக்காக அப்படிச் சந்தோசப்பட்டது இன்று நினைக்க ஒரு மாதிரியாக இருக்கிறது, ஆனால் பட்டேன்.

வலைக்கு அங்கால் தம்பி அதை விரித்துப் பார்த்தான். முழுதாக இருந்தது. ஒரு ஓரம் கூட உடையவில்லை. இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றான். சுற்றிவர எல்லாக் குடும்பமும் வலைக்கூடாகச் சத்தம் போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தது. உள்ளே கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்துச் சாப்பிடுகிறேன் என்றான். சின்னம்மா விடவில்லை. தன்னுடைய கண்ணுக்கு முன்னால் ஒரு துண்டு கடிக்கச் சொன்னார். பிறகு சாப்பிடுகிறேன் அம்மா என்றான். இப்போதே என்றார்.

அவன் ஓரத்தில் சின்னதாக ஒரு துண்டு முறித்து வாயில் போட்டு உதட்டை மூடினான். கச்சான் அல்வாவைக் கடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். நாங்கள் இரண்டு பேரும் வலையில் முகத்தை வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காக நின்றோம். கேட்கவில்லை. துண்டு ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்குப் போனது, திரும்பி வந்தது. நல்லாயிருக்கு என்று தலையை ஆட்டினான். சிரித்தபோதும் உதட்டைத் திறக்கவில்லை. முந்தின இரண்டு தரமும் தலையைக் குனிந்துகொண்டு கதைத்ததை நாங்கள் வெட்கம் என்று நினைத்திருந்தோம். கடிப்பதற்கு அவனுக்குப் பல் இல்லை. எத்தனை பல் போயிருந்தது என்று எனக்குத் தெரியாது. எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. மேசையில் இருந்தவரும் கேட்கிற தூரத்தில்தான் இருந்தார்.

சின்னம்மா அழுவார் என்று நினைத்து அவருடைய தோளைப் பிடிக்கப் போனேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலையில் ஒரு விரலை நுழைத்து, மகனுடைய கன்னத்துக்கு நேரே வைத்துக்கொண்டு சொன்னார்:

"மெல்ல ஊறவிட்டுச் சாப்பிடு, ராசா. ஒரு அவசரமும் இல்லை."