தறிச் சத்தத்தில் சொன்ன மாங்கன்று

அன்று காலை சோமனூர் தறிக்குடோனில் இருந்தவர்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, நான், அறக்கட்டளையிலிருந்து வந்த பேராசிரியை, அவரோடு வந்த அலுவலர். இல்லாதவர் குடோன் முதலாளி. உடுமலைப்பேட்டையில் அவருக்குச் சம்பந்தி வீட்டு விசேஷம். "வாரவங்கள நல்லபடியா கவனிச்சு அனுப்புங்க, டீ வடையெல்லாம் என்ற கணக்குல" என்று முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நல்லபடியாகத்தான் கவனித்தார்கள். எல்லாத் தறிகளையும் நிறுத்தி, தரையைக் கூட்டி, பஞ்சு பறக்காமல் தண்ணீர் தெளித்து, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அப்பா வேட்டி சட்டையில், அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில். நான் பதறிப்போனேன். அவர்கள் வந்ததே, தறி ஓடும் சத்தத்தில் இவர்கள் கையாலும் உதட்டாலும் பேசிக்கொள்வதைப் பார்க்கத்தான்.

"ஏம்ப்பா நிறுத்தினீங்க?"

"பெரியவங்க வந்து உக்காந்திருக்கறப்ப தடதடன்னு ஓட்டுனா மருவாதியா இருக்குமா கண்ணு?"

அந்த அறக்கட்டளை மாநில அரசின் பணத்தில் நடப்பது. இந்த வட்டாரத்தைப் பற்றிய ஆராய்ச்சி, படிப்பு, பண்பாடு, இவற்றுக்காக ஆண்டுதோறும் சிலருக்குச் சிறு நிதி கொடுப்பார்கள். நான் அப்போது முதுகலை முடித்துவிட்டு, சிங்காநல்லூரில் இரண்டு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அவர்களுடைய நூலகத்துக்குத் தினமும் பஸ் ஏறிப் போவேன். உயரமான ஜன்னல்கள், மெதுவாகச் சுற்றும் மின்விசிறி, யாரும் "என்ன வேணும்?" என்று கேட்காத ஓர் இடம். இப்போது நினைத்தாலும் அந்த மேசையின் குளிர்ச்சி முழங்கையில் தெரிகிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மேசை என்று ஒன்றில் உட்கார்ந்து படித்ததே அங்கேதான்.

தறிக்குடோன் சைகைகளைத் தொகுக்கிறேன் என்று விண்ணப்பித்தேன். நேர்காணலில் ஒருவர், "இதுக்கு நூல் ஆதாரம் என்ன இருக்கு?" என்றார்.

"ஒன்னும் இல்லைங்க."

"அப்ப எதை ஆதாரமா வச்சு எழுதுவீங்க?"

"எங்க அம்மாவைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நிதி கிடைத்தது. முதல் தவணையில் பழைய வீடியோ கேமரா ஒன்று வாங்கினேன், கட்டுரையும் எழுதி முடித்தேன். ஆனால் அலுவலருக்கு ஒரு சந்தேகம். ரெண்டு பேர் கையை ஆட்டுவது மொழியாகுமா, பையன் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்துப் படம் எடுத்திருந்தால்? கேட்கக்கூடிய கேள்விதான். நேரில் பார்த்து முடிவு செய்வது என்று தீர்மானித்தார்கள். சரி என்றால் கட்டுரை அவர்கள் தொகுப்பில் அச்சாகும், மிச்சப் பணம் வரும். இல்லையென்றால் முதல் தவணையைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதைக் கட்ட எங்கள் வீட்டில் வழி கிடையாது என்பது அம்மாவுக்கும் தெரியும்.

எனக்கோ அது மொழிதான் என்பதில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் குடோனுக்குத்தான் வருவேன். வாசலில் நின்றால் உள்ளே ஓடும் தறிகளின் சத்தத்தில் நெஞ்செலும்பு அதிரும். அந்தக் கோடியில் இருந்து அம்மாவின் கை கேட்கும்: மத்தியானம் முட்டை போட்டார்களா, சட்டையில் என்ன கறை, யாரோடு சண்டை. நான் பதில் சொல்வதற்குள் அவள் திரும்பி ஒரு தறியில் அறுந்த இழையை முடிந்துவிட்டு மறுபடி பார்ப்பாள். முதலாளியைச் சொல்ல சட்டைப் பையைத் தட்ட வேண்டும். அப்பாவைச் சொல்ல அம்மா தாலிக்கயிற்றைத் தொடுவாள். அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கழிவு நூலை உருண்டையாகச் சுருட்டி முதுகில் எறிவாள். "ங்க" போடுவதற்கும் சைகை இருந்தது: சொல்லி முடித்ததும் தலை லேசாகத் தாழும். சண்டை போடும்போது மட்டும் அம்மாவின் தலை தாழாது. என் பிளஸ் டூ முடிவை நான் வாசலில் நின்று கையால்தான் சொன்னேன். அப்பா நம்பாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், பிறகு பக்கத்துத் தறிக்காரரிடம் அவர் கை சொன்னது, அவர் கை அடுத்தவரிடம். என் மதிப்பெண் அந்தக் குடோனைச் சத்தமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்ததைப் போல எனக்கு வேறு எந்தப் பாராட்டும் வாய்க்கவில்லை.

அன்றைக்கு நிறுத்திய தறிகளுக்கு நடுவே அவர்களைப் பேசச் சொன்னால், இருவரும் கூச்சத்தில் சிரித்தார்கள். "சும்மா இருக்கறப்ப கை வராதுங்க மேடம்" என்றாள் அம்மா. பேராசிரியை வடையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப ஓட்டுங்கம்மா, எங்களுக்குச் சத்தம் பழக்கந்தான். என்ற மாமனார் ஊட்டுலயும் தறி இருந்துச்சு" என்றார்.

தறிகள் ஓடத் தொடங்கின. அலுவலர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

பேராசிரியை அம்மாவின் காதருகே குனிந்து என்னவோ சொன்னார். அதை அந்தக் கோடியில் நிற்கும் அப்பாவிடம் அம்மா சொல்ல வேண்டும், அப்பா வெளியே வந்து தான் புரிந்துகொண்டதைச் சொல்ல வேண்டும். என்ன சொன்னார் என்று எனக்கும் தெரியாது. அம்மா நூலுருண்டையை எறிந்தாள். அப்பா திரும்பினார்.

இங்கேதான் வழக்கத்துக்கு மாறான ஒன்று நடந்தது. தறி ஓட்டுகிறவர்கள் பேச்சை முழுதாகப் பார்ப்பதில்லை. ஒரு பார்வை, அப்புறம் தறி, மறுபடி ஒரு பார்வை. அன்றைக்கு அப்பா தறிக்கு முதுகைக் காட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு, அம்மாவையே பார்த்தபடி நின்றார். வந்த பேச்சு அம்மாவுடையது அல்ல, பேராசிரியையுடையது. அதைப் பாதியில் விட்டு முகத்தைத் திருப்புவது அவருக்கு முடியாது.

அவருக்குப் பின்னால் ஒரு தறியின் சத்தம் மாறியது. குறுக்கே ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா, நீளவாக்கில் கட்டிய பாவு இழைகளுக்குள் சிக்கிக்கொண்டது. இழைகள் கொத்துக் கொத்தாக அறுந்தன. எனக்கே கேட்டது. அப்பாவின் தோள் ஒருமுறை துடித்ததைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. எதிரே நின்ற அம்மா அதைக் கண்ணால் பார்த்தாள். அவள் கைகள் நிற்கவில்லை. எதையோ நட்டாள், விரல்களை மடக்கி வருஷம் எண்ணினாள், கையை விரித்து இல்லை என்றாள், கடைசியில் தலையைத் தாழ்த்தினாள். அதற்குப் பிறகுதான், அவசரமாக, இரண்டு விரலைக் கத்தரியாக்கி அவர் முதுகுப் பக்கம் காட்டினாள். அப்பா பாய்ந்தார்.

எல்லாத் தறிகளையும் நிறுத்தினார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகப் பேராசிரியையிடம் வந்தார்.

"மேடம் ஊட்டுல மாங்கன்னு வச்சு மூணு வருசமாச்சு, இன்னும் பூவே எடுக்கலைன்னீங்களாமா. தண்ணி நெறைய உடறீங்களாட்ட இருக்குதுங்க. கொஞ்சம் காயப்போட்டுப் பாருங்க."

"ஏனுங்க, அவங்க சொன்னதைச் சொல்லுங்கன்னா வைத்தியம் சொல்றீங்க" என்றாள் அம்மா.

பேராசிரியை சிரிக்கவில்லை. என்னிடம், "கடைசியா கத்தரி மாதிரி ஒன்னு காட்டினாங்களே, அது நான் சொன்னதுல இல்லையே?" என்றார். நான் தறியைக் காட்டினேன். அவர் எழுந்துபோய் அறுந்த பாவைப் பார்த்தார்.

அலுவலர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் கையெழுத்துப் போடறேன். ஆனா இந்த நட்டத்துக்கு எங்க விதியில தலைப்பே இல்லைப்பா. இதர செலவுன்னு எழுதுனாக்கூட ஆடிட்ல கேப்பாங்க." பேராசிரியை கைப்பையைத் திறந்தார். அப்பா இரண்டு எட்டுப் பின்னால் போனார். "அய்யோ, வேண்டாமுங்க. வந்தவங்ககிட்ட வாங்குனா நல்லாவா இருக்கும். டீ ஆறிப்போச்சு, வேற போட்டுத் தரச் சொல்றேன்."

கார் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன். "பாத்தியல்லம்மா? உடனே காட்டியிருந்தா பாதியாவது தப்பிச்சிருக்குமே?"

"எப்படிக் கண்ணு? பாவம், அவங்க கன்னு பூக்கலைன்னு சொல்லிட்டிருக்காங்க. பாதியில நிறுத்துனா உங்கப்பன் கன்னு வச்ச சேதியோட போயிப்போடுவாரு. உனக்குப் பணம் வரோணுமல்ல?"

அந்தக் கட்டுரை அச்சாகி வந்தது. அறக்கட்டளை நூலகத்தில் இன்றும் அந்தத் தொகுப்பு இருக்கிறது. எப்போதாவது அந்தப் பக்கம் போனால் எடுத்துப் புரட்டுவேன். அந்தச் சைகைகளுக்கு நானே கோட்டுப்படம் வரைந்திருந்தேன். எல்லாக் கைகளும் அம்மாவின் கைகள், வளையல் உள்பட. இப்போது அப்பாவும் அம்மாவும் என்னோடு சிங்காநல்லூரில் இருக்கிறார்கள். காலையில் மிக்ஸி ஓடும்போது இருவரும் தங்களை அறியாமல் கைக்கு மாறிவிடுகிறார்கள். அந்த அரை நிமிடத்துக்காகவே நான் சமையலறைப் பக்கம் போய் நிற்பதுண்டு. பழைய குடோனின் அதிர்வு நெஞ்சில் லேசாக வந்துபோகும்.

அவர்கள் வந்துபோன அன்று சாயங்காலமே முதலாளி உடுமலையிலிருந்து வந்தார். தறியைச் சுற்றி வந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. எங்கள் பக்கத்தில் கோபத்துக்கும் ஒரு பணிவு உண்டு.

"ஏனுங்க, வந்தவங்களுக்குத் திருப்திதானுங்களா?"

"திருப்திங்க. பையனுக்குக் கையெழுத்து ஆயிப்போச்சுங்க."

"ரொம்பச் சந்தோசமுங்க. டீ வடைக்கு நான் ஒன்னும் புடிக்கலைங்க. துணி போனதையும் பாவு பிணைக்கற கூலியையும் மட்டும் வாரக்கணக்குல போட்டுக்கலாமுங்களா?"

"போட்டுக்குங்க" என்றார் அப்பா. அம்மா பக்கம் திரும்பி, தறி எதுவும் ஓடாத அந்த நேரத்தில், சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சனிக்கிழமை இருவர் கூலியிலும் சேர்த்துப் பிடித்தது இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.