பூஜை நாளில் திரும்பிய மூலக்கூறு

பேய், பில்லி சூனியம், ராசிபலன் எதையும் நான் மதித்ததில்லை. இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறவள், அம்மா திருஷ்டி சுற்ற வந்தால்கூட எழுந்து போய்விடுவேன். இதைக் கேட்டு நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள். சிரியுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

மைசூரில் எங்கள் ஆய்வகத்தில் என் வேலை என்னவென்றால், தங்கப் பரப்பின் மேல் ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறை வைத்து, வெளியிலிருந்து மின்புலம் கொடுத்தால் அது எப்படித் திரும்பும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது. தலைகீழாகத் திரும்பும் என்று இரண்டு வருஷமாகச் சாதித்துக்கொண்டிருந்தேன், கணக்கோ ஒவ்வொரு தடவையும் பாதியில் உளறிக்கொட்டி நின்றுவிடும். தசரா முடிவதற்குள் விடை வராவிட்டால் ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தையே தூக்கிவிடு என்று வழிகாட்டி மேடம் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆயுத பூஜையன்று காலை ஆய்வக உதவியாளர் முருகேசண்ணன், கொள்ளேகால்காரர், கணினிக்குச் செவ்வந்திச் சரம் போட்டு, அதை இயக்கும் பொத்தான்மேல் குங்குமம் வைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டார். நான் சண்டைக்கே போய்விட்டேன்.

"வருசம் பூரா ஓடுதுங்க அம்மிணி. இன்னிக்கு ஒரு நாளாச்சும் தூங்கட்டும், உடுங்க," என்றார்.

அறையைப் பூட்டிச் சாவியை நானே வாங்கிக்கொண்டேன். அவர் போனதும் திரும்பி வந்து ஓட்டலாம் என்ற திருட்டு எண்ணம்தான், ஆனால் அன்றைக்கென்று அம்மா என்னை வீட்டை விட்டு நகர விடவில்லை.

மறுநாள் காலை திறந்தேன். பிளக் தரையில் கிடந்தது, பொத்தான்மேல் குங்குமம் கலையாமல் இருந்தது, பிளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தியபோது என் விரல்தான் அதைக் கலைத்தது. திரையில் பார்த்தால், நம்பினால் நம்புங்கள், கணக்கு முழுசாக முடிந்திருந்தது. மூலக்கூறு தலைகீழாகத் திரும்பியிருந்தது!

என் தப்பும் திருத்தப்பட்டிருந்தது. கணக்கில் ஒரே பெட்டிதான் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் என்பதால், மின்புலத்துக்காக ஏற்றும் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போக முடியாது, ஓரிடத்தில் சடாரென்று கீழே இறங்கியாக வேண்டும், அந்த இடம் வெறும் வெளியாக இருக்க வேண்டும். நான் படம் அழகாக வரட்டும் என்று அணுக்களை நடுவுக்கு நகர்த்தி, மூலக்கூறைச் சரியாக அந்தப் பள்ளத்தில் தள்ளியிருந்தேன். யாரோ பள்ளத்தை வெளியே தள்ளி வைத்திருந்தார்கள்.

வேறு மூன்று கணினிகளில் ஓட்டினேன், அதே விடை. மேடம் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "நீ சொன்னதே சரி," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்பாரி யானைமேல் என்னையே ஏற்றி ஊர்வலம் விட்ட மாதிரி இருந்தது எனக்கு. அந்த அத்தியாயம்தான் இன்று என் ஆய்வேட்டிலேயே பெரியது.

கணக்கு ஓடிய நேரம் பூஜையன்று காலை பத்தரை முதல் மாலை ஐந்து வரை என்று பதிவாகியிருக்கிறது. கடிகாரம் தப்பாயிருக்கும் என்பீர்கள், பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருந்தது. அதைக்கூட விடுங்கள். எங்கள் கணினிக்குள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் கோர்கள் மொத்தம் பதினாறு. அந்தப் பதிவின் முதல் வரியில், வேலை செய்தவை பதினேழு என்று இருக்கிறது.