மணல் மூட்டைக்குப் பதில் படுத்தவர்

எங்கள் தீயணைப்பு நிலையத்தின் வண்டி ஓட்டுநருக்கு ‘மூட்டை’ என்று பெயர் வைத்ததே நான்தான். ஆள் சேர்க்கும் நாளில், வருகிறவர்கள் அறுபது கிலோ மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நூறு மீட்டர் ஓட வேண்டும். மூட்டை கிழிந்துபோன வருஷம், “நான் சரியா அறுபது கிலோ, என்னைத் தூக்கட்டும்” என்று இவர் போய்ப் படுத்தார். அதோடு பதினோரு வருஷம் ஓடிவிட்டது; ஒவ்வொரு முறையும் அவர்தான் மூட்டை.

இந்த முறை வந்த முதல் நான்கு பேரும் பாதி வழியிலேயே அவரைப் பொத்தென்று கீழே போட்டார்கள். “என்ன புள்ளைங்கப்பா இதுங்க, உடம்புல தெம்பே இல்ல!” என்று கத்தினார்.

ஐந்தாவதாக வந்தவள் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிற பெண். அவரை அலாக்காகத் தூக்கிக்கொண்டு ஓடி, கோட்டைத் தாண்டி இறக்கிவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே அதிகாரியிடம் சொன்னாள்: “சார், தினமும் எடை தூக்குறவ நான். அண்ணன் அறுபது கிலோ இல்ல. ஏத்திப் பாருங்க.”

எடை மெஷின் எழுபத்தெட்டு காட்டியது.

“மெஷின் பழசு சார்” என்றார் மூட்டை. யாரும் காதில் வாங்கவில்லை. நால்வரையும் அதிகாரி திரும்பக் கூப்பிட்டார். புது மூட்டை தைத்தோம். அரை மணி நேர வேலை. அதைத்தான் பதினோரு வருஷமாகச் செய்யாமல் இருந்திருக்கிறோம்.

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, ஓட்டப் பயிற்சி வரிசையில் ஓட்டுநர் மூட்டையையும் நிற்க வைத்தார் அதிகாரி. “இன்னும் கொஞ்சம்தாண்ணே, வாங்க” என்று அவள் பக்கத்திலேயே ஓடினாள். அத்தனை வருஷமும் அந்த நூறு மீட்டரை ராஜா மாதிரி கடந்தவர், அன்றைக்குத்தான் முதல் முறையாக ஓடிக் கடந்தார்.