தாம்பரத்தில் ஓர் அறை

கடற்கரை நிலையத்தில் புறப்படும் செங்கல்பட்டு மின்சார வண்டியின் பெண்கள் பெட்டியில் வடிவுக்கென்று ஓர் இடம் உண்டு. கதவுக்கு அடுத்த பலகை, சன்னல் ஓரம். தெரியாமல் யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் பெட்டியே சேர்ந்து எழுப்பிவிடும். சீசன் டிக்கெட்காரிகளின் ராஜ்யம் அது. அங்கே ஒருத்தி எந்த நிலையத்தில் இறங்குவாள், வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு எந்தக் கால் வலி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் எதையும் வைத்துக்கொள்வது கஷ்டம்.

வடிவு துறைமுகத்துப் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். வீடு காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில். செங்கல்பட்டு வரை மின்சார வண்டி, அங்கிருந்து கரி வண்டி. போக ஒரு மூன்று மணி நேரம், வர ஒரு மூன்று மணி நேரம். விடியுமுன் கிளம்புவாள். தெருவே சாப்பிட்டுப் படுக்கும்போது வந்து சேருவாள். இருபது வயதில் வேலைக்குப் போனவளுக்கு இப்போது, எழுபத்தொன்றாம் வருஷத்தில், இருபத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை.

ஆகாததற்கு யாரும் கெட்டவர்கள் இல்லை. அப்பா வீரபாகு பட்டுத் தறி போடுகிறவர், வாய் திறந்து ஒரு கடுஞ்சொல் சொல்லமாட்டார். கல்யாணப் பேச்சு எடுத்தால், "இந்தப் பாவு எறங்கட்டும்மா. எறங்கினதும் நல்ல எடமா பாத்துப் பேசிடலாம்" என்பார். மனசாரத்தான் சொல்வார். ஆனால் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழை, முழுசாக இறங்கித் தறி காலியாக நிற்க அந்தத் தெருவில் யாரும் விடுவதில்லை. பழைய பாவு தீரப் போகும்போதே புதுப் பாவைக் கொண்டுவந்து, விரலில் சாம்பல் தொட்டு, இழைக்கு இழை முறுக்கிப் பழையதோடு பிணைத்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கான இழை. அந்த வேலைக்கு அந்த வீட்டில் வடிவின் விரல்தான் வேகம். ஆக, ஒவ்வொரு தடவையும் தறிக்கு முன்னால் உட்கார்ந்து, தன் கல்யாணத்தை இன்னொரு பாவுக்குத் தள்ளிவைத்தவள் அவளேதான். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஏழெட்டு வருஷம் ஆயிற்று. கண்டுபிடித்த அன்று சிரிப்புதான் வந்தது. அழுகை பிறகு, பாத்திரம் தேய்க்கும்போது வந்தது.

இப்போது அவளுக்குக் கல்யாணத்தின் மேல்கூட அவ்வளவு ஆசை இல்லை. விடிந்த பிறகு எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும். கூட வேலை செய்பவளின் அத்தை அங்கம்மாள் என்று ஒரு விதவை, தாம்பரத்தில் தன் வீட்டின் பின்னறையை வேலைக்குப் போகும் பெண்ணுக்கு விடுவதாக இருந்தாள். சொல்லி அனுப்பியிருந்தாள்: "வெள்ளிக்கெழமை சாயங்கால வண்டியில வரச் சொல்லு. வீடு கண்டுபிடிக்கிறது கஷ்டம், நானே ஸ்டேஷன்ல கடிகாரத்துக்குக் கீழ கொடையோட வந்து நிக்கிறேன். வரலேன்னா ஒரு டீச்சர் கேட்டுக்கினு இருக்குது, அதுக்குக் குடுத்துடுவேன்."

வீட்டில் வடிவு மூச்சு விடவில்லை. முதலில் சாவி கைக்கு வரட்டும், சாவி கையில் இருந்தால் அப்பாவிடம் பேச வாய் வரும் என்று நினைத்தாள். இறங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் வரும் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய், அன்றைக்கே சொல்லிவிடுவதாக இருந்தாள்.

குறுக்கே இருந்தது கங்கையம்மாள் ஒருத்திதான். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, வாலாஜாபாத்தில் வீடு. இரண்டு வண்டியிலும் வடிவுக்குக் கூடவே வருகிறவள். அவளுடைய தம்பி வீடு வடிவின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. நல்ல மனுஷி, அந்த நல்லதனம்தான் வினை. போன மழைக்காலத்தில் ஒரு பெண் தூக்கக் கலக்கத்தில் தாம்பரத்தில் இறங்கிவிட்டு, செங்கல்பட்டில் கரி வண்டியைத் தவறவிட்டுத் தவித்துப்போனாள். அன்றிலிருந்து பெட்டியில் ஒரு வழக்கம். யார் தூங்கினாலும் பக்கத்தில் இருப்பவள் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை வண்டி மாம்பலம் தாண்டியது. கங்கையம்மாள் மடியில் மல்லிகையைக் கொட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"ஒண்ணும் இல்லக்கா. அசதி."

மேலே கேள்வி வந்தால் வாயில் உண்மை வந்துவிடும் என்று வடிவுக்குப் பயம். கண்ணை மூடிச் சன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தூங்குகிறவளை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் அல்லவா? பெரிய கெட்டிக்காரி என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் அந்த அறைக்கு ஒரு பாய் வாங்கினாள், ஒரு ஸ்டவ் வாங்கினாள், சன்னலுக்குத் திரைகூடத் தைத்துவிட்டாள். தாம்பரத்துக்கு முந்தின நிலையமான சானடோரியம் தாண்டியது.

தாம்பரத்தில் வண்டி நின்றது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொள்ளும் வரை காத்திருந்து, சட்டென்று எழுந்து, பையை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பாய்ந்தாள். பிளாட்பாரத்தில் கடிகாரத்தின் கீழே வெள்ளைப் புடவையில் ஒரு அம்மாள் குடையோடு நின்றிருந்தாள். சொல்லியனுப்பிய அடையாளத்தில் வடிவைக் கண்டுகொண்டு கையைத் தூக்கினாள். வடிவின் ஒரு கால் பிளாட்பாரத்தில் பட்டது.

"ஏய் வடிவு, எங்கம்மா போறே? இது தாம்பரம்."

கங்கையம்மாளின் கை முழங்கையைப் பிடித்தது. இன்னொருத்தி இடுப்பைப் பிடித்தாள். மடியிலிருந்த மல்லிகை எல்லாம் தரையில். இரண்டு பேருமாக அவளை உள்ளே இழுத்துப் பலகையில் உட்காரவைத்தபோது வண்டி நகர்ந்துவிட்டது. சன்னல் வழியே அங்கம்மாள் தெரிந்தாள். தூக்கிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்ல வேளை, நான் பாத்துக்கினே இருந்தேன்" என்றாள் கங்கையம்மாள், மூச்சு வாங்க. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ விசிறினார்கள். வடிவுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. பயந்துவிட்டாள் என்று எல்லோரும் முதுகைத் தடவினார்கள். அத்தனை கையையும் தட்டிவிட்டுக் கத்த வேண்டும் போல ஆத்திரம் அவளுக்கு.

எதிரில் இருந்தவள் கேட்டாள்: "பிளாட்பாரத்துல யாரோ ஒனக்குக் கை காட்டின மாதிரி இருந்துதே?"

கங்கையம்மாள் வடிவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பின்னால் தம்பி வீடு, நாலு வீடு தள்ளி அப்பா, நடுவில் தெரு முழுக்க வாய் என்று வடிவுக்கு வரிசையாகத் தெரிந்தது.

"வேற யாருக்கோ இருக்கும்க்கா. நான் தூக்கத்துல எறங்கப் பாத்துட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது உறைத்தது. அடுத்த நிலையமான பெருங்களத்தூரில் வண்டி நின்றது. அங்கே இறங்கி எதிர் வண்டி பிடித்தால் அங்கம்மாளை வழியில் பிடித்துவிடலாம். ஆனால் தூக்கத்தில் தாம்பரத்தில் இறங்கப் பார்த்தவள் விழித்துக்கொண்டு பெருங்களத்தூரில் எதற்கு இறங்குவாள்? வண்டி கிளம்பியது.

வீட்டில் அப்பா விழித்திருந்தார். "பாவு தீரப் போவுதும்மா. ஞாயித்துக்கெழமை பிணைச்சிடுறியா?"

"சரிப்பா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பிணைத்தாள். திங்கட்கிழமை ஆபீசில் தகவல் வந்தது. அறை டீச்சருக்குப் போய்விட்டதாம். கதவு வரைக்கும் வந்து தன்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிப் போன பெண் தனக்கு வேண்டாம் என்றாளாம் அங்கம்மாள்.

அன்று சாயங்காலம் சானடோரியம் தாண்டியதும் கங்கையம்மாள் பூவைக் கீழே வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வடிவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ தூங்கும்மா. நான் புடிச்சிக்கினு இருக்கேன்."

வண்டி தாம்பரத்தில் நின்றது. கிளம்பியது. பெருங்களத்தூர் வந்த பிறகுதான் அவள் கையை விட்டாள். மறுநாளும் அப்படியே. கங்கையம்மாள் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை, ஒரு நாள்கூட அவள் மறக்கவில்லை.