தெப்பத்தில் ஏழு பேர்

பிளாஸ்டர் அக்காவுக்கு வாய் நீளம் என்று அருங்காட்சியகம் முழுக்கப் பேச்சு. இருபத்திரண்டு வருஷமாகக் கீழ்த்தளப் பட்டறையில் காட்சிக்கு வைக்கப் பிளாஸ்டரில் மிருகங்களும் மனிதர்களும் செய்கிறவள். யானைக்கே கண் வைத்தவள் அதிகாரிக்கா பயப்படுவாள்?

இந்தத் தடவை வந்த வேலை, ஆதிமனிதர்கள் தெப்பம் கட்டிக் கடல் கடந்து, யார் காலும் படாத கண்டத்தில் குடியேறிய காட்சி. "ஐந்து வீரர்கள், கையில் ஈட்டி" என்று இயக்குநர் எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா ஐந்து பேரையும் செய்தாள். கூடவே நிறைமாத வயிற்றோடு ஒருத்தியைச் செய்து நட்டநடுவில் நிறுத்தினாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில் வந்து பார்த்த இயக்குநரின் முகம் சுண்டிப்போனது.

"யாரைக் கேட்டு இதை வச்சீங்க?"

"அஞ்சு ஆம்பளைங்க மட்டும் போய் இறங்கினா அதுக்குப் பேரு குடியேறுறதா சார்? சுற்றுலா. கடைசி ஆளும் கிழவனாகிப் போய்ச் சேர்ந்திருப்பான். அப்புறம் அங்க பெருகினது யாரு, ஈட்டியா?"

தெப்பம் கட்டிய தச்சர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"கர்ப்பிணி கடல் தாண்டினதுக்கு என்ன ஆதாரம்?"

"பொண்ணுங்க போகாம அங்க ஜனம் எப்படி சார் வந்துச்சு? அதுல ஒருத்திகூடவா வயித்துல சுமந்திருக்க மாட்டா?"

"சாயங்காலத்துக்குள்ள இந்தப் பொம்மை போகணும். இல்லன்னா நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

அக்காவுக்கு வேலை போனால் கஷ்டம்தான். புருஷன் படுத்த படுக்கை. வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான். ஆனாலும் கோபம் முந்திக்கொண்டது. வேலை தேடி முன்னால் போன அதே புருஷனைத் தொடர்ந்து, "வயித்துப் பிள்ளையோட எங்கடி கிளம்புற?" என்ற மாமியாரை மீறி, எட்டு மாத வயிற்றோடு லாரியில் சிமெண்டு மூட்டைகள் மேல் இரண்டு நாள் உட்கார்ந்து இந்த ஊருக்கு வந்தவள் அவள். அவள் வரும்வரை புருஷன் தங்கியிருந்த இடம் நாலு ஆண்கள் உருண்டு கிடந்த அறை. வந்த பிறகுதான் வீடு.

"நான் எடுக்க மாட்டேன் சார். வேணும்னா நீங்க எடுங்க." ஸ்பேனரை நீட்டினாள்.

இயக்குநர் அதை வாங்கித் தச்சரிடம் கொடுத்தார். கனமான உருவம் எதுவோ அதன் கால் வழியாகத்தான் தெப்பத்தையே தாங்கும் பெரிய கம்பி அடித்தளத்தில் இறங்கும். அது தொழில் முறை. வயிற்றுக்காரிதான் கனம். தச்சர் அந்தக் கம்பியின் மரையை இரண்டு சுற்றுத் தளர்த்தியதுமே தெப்பம் சாய்ந்தது. ஒரு வீரனின் ஈட்டி முறிந்து இயக்குநரின் காலடியில் விழுந்தது.

தச்சர் பதறிப்போய்த் திரும்ப முறுக்கினார். "இந்தம்மா நின்னாத்தான் சார் மத்தவங்க நிப்பாங்க. பிரிச்சுக் கட்ட ஒரு வாரம் ஆகும்."

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, இருந்து தொலையட்டும். விளக்கப் பலகையில ஐந்துன்னு இருக்கே, அதை ஆறுன்னு மாத்துங்க."

அக்கா தூரிகையைத் தோய்த்து, பழைய வரியை அழித்து எழுதினாள்: 'ஏழு பேர்.'

"ஆறுதானேம்மா?"

"சரியா எண்ணுங்க சார்" என்று அந்த வயிற்றின் மேல் கையை வைத்தாள் அக்கா.